முதலில் கத்தியது யார்?

என் வீட்டுக்காரர் அடிக்கமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது என் முகத்தைப் பார்த்து எதையாவது கேட்க வாயெடுத்தாலே நான் முந்திக்கொண்டு சொல்வதும் இதைத்தான். கேட்காத கேள்விக்கு எதற்கு இவள் பதில் சொல்கிறாள் என்று இதுவரை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவருக்குப் பாட்டிலில் தண்ணீர் அடைக்கும் ஆலையில் தரம் பார்க்கும் வேலை. பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் போதும், உள்ளே ஒரு தூசி இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். வெளியே தங்கமான மனிதர். மாடிப்படியில் யாராவது கனமான பையோடு ஏறினால் ஓடிப்போய் வாங்கிக்கொள்வார். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் நானும் மகளும்தான் அவருக்குப் பாட்டில்கள்.

போன வருடம் ஒருநாள் மகளுடைய படம் வரையும் நோட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு பக்கமாகக் கிழித்தார். ஒவ்வொன்றையும் அவள் முன்னால் காட்டி, "இது எதுக்கு?" என்று கேட்டார். குரலைக் கொஞ்சம்கூட உயர்த்தவில்லை. அறுபது பக்கம், முக்கால் மணி நேரம். அவள் கடைசிப் பக்கம் வரை நின்றுகொண்டு "தெரியலப்பா" என்றாள். நான் சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றேன். நீ என்ன செய்தாய் என்று கேட்டால், நின்றேன், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் டெகு என்ற குட்டிப் பிராணிகள் இரண்டு வந்து சேர்ந்தது எப்படி என்றால், அதுவும் அவருடைய நல்ல பெயரால்தான். ஆலை முதலாளியின் மனைவி ஒரு பிராணிகள் காப்பகத்துக்கு உதவி செய்பவர். ஆலையின் ஆண்டு விருந்தில் என் மகளின் கன்னத்தைப் பிடித்து, "ரெண்டு குட்டி டெகு வீடு தேடிட்டு இருக்கு, வளர்க்கிறியா?" என்று கேட்டுவிட்டார். இவள் தலையாட்டிவிட்டாள். சுற்றிலும் நாற்பது பேர். "அதுக்கென்ன, தாராளமா," என்றார் என் வீட்டுக்காரர், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. காரில் திரும்பி வரும்போது நான் பின்சீட்டில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சிக்னல் சிக்னலாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

கூண்டு வந்த அன்று நிபந்தனை போட்டார். "நான் வீட்டுல இருக்கும்போது சத்தம் கேக்கக் கூடாது. ரெண்டு தடவை பொறுத்துப்பேன். மூணாவது தடவை கூண்டு பால்கனிக்குப் போயிடும்."

வெளியே பனிக்காலம். காலையில் பால்கனிக் கம்பியைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். சில்லென்ற காற்றே இவற்றுக்கு ஆகாது என்று கூண்டைக் கொண்டுவந்து கொடுத்த காப்பகத்து அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பால்கனி என்றால் ஒரே ராத்திரியில் கதை முடிந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மகளுக்குத் தெரியுமா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.

டெகு என்றால் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? எலிக்கும் அணிலுக்கும் நடுவில் ஒன்று. ஒரு கைப்பிடி உடம்பு, நுனியில் குஞ்சம் வைத்த வால், ஆரஞ்சு நிறப் பல். பல்லைப் பார்த்து நான் பதறிப்போய் அக்காவுக்கு போன் போட்டேன். "ஆரஞ்சா இருந்தாத்தான் ஆரோக்கியம், வெளுத்துப்போனா சொல்லுங்க," என்றாள். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோல் கழன்று கையோடு வந்துவிடும். இனிப்பு கண்ணிலும் காட்டக் கூடாது. குளிக்கத் தண்ணீர் வேண்டாம், ஒரு கிண்ணம் மணல் போதும், உள்ளே விழுந்து புரண்டு எழுந்துவிடும். பகலில் விழித்திருந்து இரவில் தூங்கும் என்று கேட்டதும்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

இரண்டும் அக்கா தங்கை. மேல்தட்டில் ஏறி உட்கார்ந்து எல்லோரையும் மேலிருந்து பார்த்ததால் ஒன்றுக்கு ஜட்ஜம்மா என்று பெயர் வைத்தாள் மகள். எதற்கெடுத்தாலும் பின்னங்காலால் தரையைத் தட்டி அதட்டியதால் மற்றது டீச்சர்.

முதல் ஐந்து நாள் இரண்டும் வாயே திறக்கவில்லை. பிறகு திறந்தன. நான் வீட்டிலிருந்தபடி, கூட்டங்களிலும் பேட்டிகளிலும் பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை செய்கிறேன். பதினொரு வருடமாகக் காதில் ஹெட்போன். சத்தத்தைப் பிரித்துப் பார்ப்பது எனக்குக் கைவந்த கலை. அதனால் மகளும் நானும் ஒரு நோட்டுப் போட்டோம். காலையில் ஒன்றை ஒன்று கோதிவிடும்போது விடாமல் வரும் கலகல பேச்சு: சந்தோஷம். ஒன்றின் மேல் மற்றது ஏறி மிதித்துப் போனால் வரும் நீளமான முனகல்: "தள்ளிப் போ." பல்லை நறநறவென்று கடிப்பது: கோபம். வாலைப் பக்கவாட்டில் ஆட்டுவது: சண்டைக்கு அழைப்பு. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, இன்னைக்கு என்ன பேசுச்சு?" என்பாள். அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. ஆறு மணி வரைக்கும் எங்கள் வீடும் வீடு மாதிரிதான் இருந்தது.

நோட்டில் சேராத சத்தம் ஒன்று இருந்தது. இரண்டாவது வாரத்தில்தான் அது தொடங்கியது. மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது இரண்டும் செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, பின்னங்காலில் எழுந்து நின்று, முன்னங்கைகளை மார்போடு ஒட்டிக்கொண்டு, அசையாமல் கத்தும். கீ. கீ. கீ. நொடிக்கு ஒன்று, அளந்து வைத்தாற்போல. சொல்லி வைத்தாற்போல் இரண்டு மூன்று நிமிடத்தில் அவருடைய கார் கீழே வந்து நிற்கும். பிறகு லிஃப்ட். பிறகு சாவி. பெரும்பாலும் சாவி திரும்புவதற்குள் இரண்டும் அடங்கிவிடும்.

கார் நாலு மாடிக்குக் கீழே வருவதற்கு முன்பே இவற்றுக்குக் கேட்டுவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படி அடங்காத முதல் தடவை அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றாமல் நின்றார். கீ, கீ என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன அது?"

"பசி போலிருக்குங்க."

"பசிச்சா போடு." ஒரு விரலைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து நான் செய்யாத வைத்தியம் இல்லை. ஐந்தரைக்கே வைக்கோல் போட்டேன். மணல் கிண்ணத்தை மாற்றினேன். கூண்டின் மேல் போர்வையைப் போர்த்தினேன். போர்வைக்குள்ளிருந்து கீ, கீ. ரேடியோ வைத்தேன், ரேடியோ பாட, இவை தாளம் போட்டன. துணிகளுக்கு நடுவில் வைத்தால் சத்தம் அமுங்கும் என்று கூண்டைப் படுக்கையறை அலமாரிப் பக்கம் நகர்த்தினேன். அடுத்த புதன்கிழமை அவர் சாவி போட்டுக் கதவைத் திறந்தபோதும் கத்திக்கொண்டுதான் இருந்தன. இந்தத் தடவை இரண்டு விரல். சாப்பிடும்போது அந்த இரண்டு விரலும் மேசை மேல் அப்படியே நீட்டியபடி இருந்தன. இடது கை. வலது கையால் சாப்பிட்டு முடித்தார். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டு மென்றாள், விழுங்கவேயில்லை.

வியாழன் காலை அவர் கிளம்பியதும் அக்காவுக்கு போன் செய்தேன். "ஒரு மாதிரி கத்துதுங்கக்கா."

"எந்த மாதிரி?"

கத்திக் காட்டினேன். அக்கா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அது காவல் குரல்," என்றாள். "காட்டுல கூட்டமா இருக்கும்போது ஒண்ணு பருந்தைப் பார்த்தா மத்ததுக்குச் சொல்றது. வீட்டுல எதையோ பார்த்து மிரளுது. பூனை இருக்கா? ஜன்னல் பக்கம் ஏதாவது பறக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. தினமும் ஒரே நேரம். அவர் வேலையா ஊருக்குப் போன ரெண்டு நாள் மட்டும் கத்தல." சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

"பதிவு பண்ணி அனுப்புங்க," என்றாள்.

பதிவு என்னிடம் ஏற்கெனவே இருந்தது. நோட்டுக்காக, அவர் வேலைக்குப் போய்த் திரும்பிய நாட்களில் கூண்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்திருந்தேன். ஏழு மாலைகள். எல்லாவற்றையும் என் வேலைப் பழக்கப்படி சுத்தம் செய்து அனுப்பினேன். எங்கள் வேலையில் பேச்சு மட்டும்தான் கணக்கு. இருமல், நாற்காலி நகரும் சத்தம், மூச்சு, இடைவெளி எல்லாவற்றுக்கும் "வெத்து" என்று பெயர். கேட்கும்போதே கை தானாக வெட்டித் தள்ளிவிடும்.

வெள்ளிக்கிழமை மதியம் அக்கா கூப்பிட்டாள். "என்னங்க இது, கழுவித் துடைச்சு வச்ச பாத்திரம் மாதிரி இருக்கு? கீ-ல ஆரம்பிச்சு கீ-ல முடியுது. அதுக்கு முன்னாடி எங்க?"

"முன்னாடி ஒண்ணும் இல்லக்கா. வெத்துதான்."

"அந்த வெத்துதான் எனக்கு வேணும். எது முதல்ல நடக்குதுன்னு தெரியாம நான் என்னத்தைச் சொல்ல?"

தலையில் அடித்துக்கொண்டு, வெட்டாத பதிவுகளைத் தேடி எடுத்தேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று ஹெட்போனை மாட்டினேன். திங்கள்கிழமைப் பதிவு. என் விசைப்பலகை தடதடக்கிறது. மகள் டீச்சரிடம் ஏதோ கதை சொல்கிறாள். டெகுக்கள் கலகலக்கின்றன. ஐந்து ஐம்பதுக்கு விசைப்பலகை நின்றது. நாற்காலி பின்னால் நகர்ந்தது. அப்புறம் ஒரு சத்தம்.

"ஷ்."

சரியாகக் கேட்கவில்லை என்று பின்னால் போய் மறுபடி போட்டேன். என் குரல். நான் இப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. அதற்கு அடுத்த நொடி, கூண்டுக்கு மிகவும் பக்கத்தில், மெல்லியதாக இன்னொன்று.

"ஷ்."

இது மகள். மகளுடைய கதை பாதியில் நின்றுபோகிறது. அதற்குப் பிறகுதான், முழுதாக ஐந்து நொடி கழித்து, முதல் கீ. காரின் சத்தம் வர அதற்குப் பிறகும் இரண்டு நிமிடம் ஆனது.

செவ்வாய் போட்டேன். புதன் போட்டேன். ஏழு பதிவிலும் அதே வரிசை. முதலில் நான், அப்புறம் மகள், அப்புறம்தான் ஜட்ஜம்மாவும் டீச்சரும். அவற்றுக்கு எந்தக் காரும் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக் கத்தத் தெரியாத பிராணிகள் அவை. எங்களைப் பார்த்துத்தான் கத்தியிருக்கின்றன. நான் அதைத் தினமும் கேட்டு, தினமும் வெட்டி எறிந்திருக்கிறேன். பதினொரு வருட அனுபவம் என்று பீற்றிக்கொள்கிற காது! எனக்கே என் காதைப் பிடித்துத் திருக வேண்டும்போல் இருந்தது.

பதிவுகளை அனுப்பினேன். கால் மணி நேரத்தில் அக்காவிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"கேட்டேன். கூட்டத்துல காவலுக்கு நிக்கிறது முதல்ல குரல் குடுக்கும், மத்தது அதை வாங்கிக் கத்தும். இங்க முதல்ல குரல் குடுக்கிறது டெகு இல்ல. பெரிய 'ஷ்' ஒண்ணு, சின்ன 'ஷ்' ஒண்ணு." கொஞ்ச நேரம் பின்னணியில் நாய்கள் குரைத்தன. பிறகு, அதுவரை என்னை நீங்க என்று மட்டுமே கூப்பிட்டவள் சொன்னாள்: "நீ நல்லா இருக்கியாம்மா அங்க?"

செய்தியை அழித்தேன். என் போனை அவர் சாப்பிட்ட பிறகு எடுத்துப் பார்ப்பது வழக்கம். அழித்த பிறகும் யாரோ கேட்டுவிட்டதுபோல அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

ஆனால் ஒன்று பிடிபட்டுவிட்டது. நான் 'ஷ்' சொல்லாவிட்டால் அவை கத்தப்போவதில்லை. இதைவிட எளிதான வைத்தியம் இருக்கிறதா? வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதானே! சரி, நாங்கள் போடும் சத்தத்தை நிறுத்தாமலும் இருக்கலாம். அன்று ஐந்தே முக்காலுக்குக் கூண்டை மறுபடி கூடத்துக்கே கொண்டுவந்து, எதிரிலேயே உட்கார்ந்தேன். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"கண்ணு, பாடத்தைச் சத்தமா வாசி."

"இப்பவா?"

"இப்பதான். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

அவள் வாசித்தாள். மழை எப்படி உருவாகிறது என்ற பாடம். நான் விசைப்பலகையில் வாய்க்கு வந்ததைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பது ஆனது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொல்லிக் கால் பறந்தது. நாக்கைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டேன். ஐம்பத்தொன்று. ஜட்ஜம்மா ஒரு குச்சியைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். டீச்சர் மணலில் புரண்டாள். இரண்டும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்தன. முதல் முறையாக, ஐம்பத்திரண்டு வரைக்கும் பேசிக்கொண்டிருந்தன.

கீழே கார் வந்து நின்றது.

மகளின் குரல் இறங்கிக்கொண்டே போனது. மேகம் என்றாள், குளிர்ந்து என்றாள், அப்புறம் நின்றுவிட்டாள். நான் விடாமல் தட்டினேன், முன்னைவிடச் சத்தமாக. வாசி, வாசி என்று தலையை ஆட்டினேன். அவள் தன் சின்னக் கையை நீட்டி என் விரல்களின் மேல் வைத்து அழுத்தினாள். மறு கையின் விரலை உதட்டில் வைத்துக்கொண்டாள்.

"ஷ்," என்றாள் என்னிடம். "அம்மா, ஷ். அப்பா வந்துட்டாங்க."

இரண்டும் எழுந்து நின்று கத்தின.

அவர் உள்ளே வந்தார். மூன்று விரலைக்கூடக் காட்டவில்லை. செருப்பைக் கழற்றி, நேராக வைத்துவிட்டு, கூண்டிடம் வந்து இரண்டு கையாலும் தூக்கினார். உள்ளே தட்டு சரிந்தது. ஜட்ஜம்மா கீழே விழுந்து, மறுபடி எழுந்து நின்று கத்தினாள். அவர் பால்கனிக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தார். பனிக்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது.

நான் மகளைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து, கைகள் இரண்டையும் மார்போடு ஒட்டிக்கொண்டு, கண்ணை இமைக்காமல் அசையாது நின்றாள். வாய் மட்டும் மூடியிருந்தது. கூண்டுக்குள் இருந்த இரண்டுக்கும் அவளுக்கும் இருந்த ஒரே வித்தியாசம் அதுதான். அவை கத்தின, ஊருக்கே கேட்கும்படி கத்தின. இவளுக்கு வாயை மூட நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

எனக்குக் கால் எப்படி நகர்ந்தது என்று தெரியாது. பால்கனிப் பக்கம் போகவில்லை. வாசல் பக்கம் போனேன். கதவை அகலத் திறந்தேன். படிக்கட்டுக் கூடத்தில் போய் நின்று, வயிற்றிலிருந்து குரலை எடுத்துக் கத்தினேன்.

"வாங்க! யாராவது வாங்க!"

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி. "வாங்க! யாராவது வாங்க!"

நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கீழ்மாடியில் ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. எதிர்வீட்டு அம்மா கையில் துண்டோடு ஓடி வந்தார். கீழ்வீட்டுத் தச்சர் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். பின்னால் திரும்பிப் பார்த்தால், என் வீட்டுக்காரர் கூண்டை மெதுவாக, மிக மெதுவாகத் தரையில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆலை விருந்தில் சிரித்த அதே சிரிப்பு.

"என்னாச்சு? என்னாச்சும்மா?" என்றார் எதிர்வீட்டு அம்மா.

வாயைத் திறந்தேன். கத்திய குரல் எங்கே போனதோ, பேச்சு வரவில்லை. அதற்குள் அவர் வாசலுக்கு வந்துவிட்டார். என் தோளில் கை வைத்தார்.

"ஒண்ணும் இல்லைங்க. வீட்டுல ஒரு கூண்டு வச்சிருக்கோம்ல, அந்த எலியைப் பார்த்துப் பயந்துட்டா."

தச்சர் சிரித்தார். எதிர்வீட்டு அம்மாவும் "அடடா" என்று சிரிக்கப் போனார். அவர்கள் திரும்பிப் போகப் போகிறார்கள், கதவு சாத்தப்படப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. தோளில் இருந்த கை லேசாக அழுத்தியது.

"எலியைப் பார்த்து இல்ல."

எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். என் மகள் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். குரல் கணீரென்று படிக்கட்டு முழுக்கக் கேட்டது.

"அப்பாவைப் பார்த்து."